அம்பாரத்துக்கு எதிரே பஸ் நிற்க வேண்டி

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கடிதம்தான் எழுதத் தெரியும் என்று நான் கண்டுபிடித்த மாலையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அது விடுப்புக் கடிதம்.

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பகலில் எனக்கு மரக்காணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மகளிர் குழுக் கட்டடத்தில் பதினான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவேன். நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை எல்லாரும் உண்டு. யாரும் என்னை நியமிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான். கல்லூரிக்குப் போனவனும் நான்தான். அந்த வேகம் உடம்பில் இருந்தது. நம் பிள்ளைகள் நாலு வரி தமிழைப் பிழையில்லாமல் எழுதிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று உறுதியாக நம்பினேன். இப்போதும் பாதி அப்படித்தான் நம்புகிறேன்.

அன்றைக்குக் கொடுத்த பயிற்சி இது: பேருந்துப் பணிமனைக் கிளை மேலாளருக்கு, நம் ஊர் முனையில் பஸ் நிற்க வேண்டும் என்று கேட்டு ஒரு கடிதம். அரை மணி நேரம் பென்சில் சத்தம் மட்டும். பதினான்கு தாள்கள் கைக்கு வந்தன. படிக்க ஆரம்பித்தேன். பதினொரு தாள்கள் ஏறக்குறைய இப்படி முடிந்திருந்தன:

'ஆகவே எங்கள் ஊரில் பஸ் நிக்காத காரனத்தால் எனக்கு இரண்டு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பனிவுடன் கேட்டுக்கொல்கிறேன்'

நாலாம் வகுப்புப் பொடியனைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏம்பா, உனக்கு பஸ் வேணுமா, லீவு வேணுமா?"

கொஞ்சமும் யோசிக்கவில்லை அவன். "ரெண்டும் வேணும்ணா."

கட்டடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. நான் மட்டும் என்ன? மூன்றாம் வகுப்பில் நான் எழுதிய முதல் கடிதமும் அதுதான். நானே எழுதுவேன், அப்பாவின் கட்டை விரலில் பேனா மையைத் தேய்த்து நானே உருட்டி எடுப்பேன். எங்கள் வீட்டிலிருந்து அதுவரை யாரும் யாருக்கும் எதையும் எழுதிக் கேட்டதில்லை. கேட்கலாம் என்று எழுத்தில் தெரிந்த ஒரே பொருள் லீவு. இந்தப் பிள்ளைகளும் அதைத்தானே கேட்பார்கள்!

பஸ் விஷயம் பயிற்சிக்காக நான் இட்டுக்கட்டியது அல்ல. எங்கள் ஊர்ப் பள்ளி எட்டோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மரக்காணம் போக வேண்டும். பாண்டியிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊர் முனையைத் தாண்டித்தான் போகும், ஆனால் நிற்காது. தெற்கே இருக்கும் அடுத்த நிறுத்தம்வரை சாலை ஓரமாக அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளில் எட்டாம் வகுப்பில் இருந்தவள் ஒரே ஒருத்தி. அந்தப் பதினான்கு தாள்களில் விடுப்புக் கேட்காத மூன்றில் ஒன்று அவளுடையது. அவளுக்கு லீவு வேண்டாம், பஸ்தான் வேண்டும்.

அவள் அப்பாவிடம் பேசப் போனேன். உப்பளத்திலிருந்து திரும்பிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவ அறிவான புள்ளதாம்பா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ரோட்டப் பாத்தியா? ஒவ்வொரு காரும் ஏரோப்ளேன் மாதிரி போவுது. பொட்டப் புள்ள தெனம் அதுல நடக்கறதா? பஸ்ஸு நம்ம மொனையில நின்னா போவட்டும். நிக்கலன்னா எட்டு போதும். அவங்க அம்மாவோட உப்பு வார வரட்டும்."

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "பஸ்ஸு நின்னா போவலாம்னு நீயே சொல்லிட்ட. அண்ணா, நீங்கதான் சாட்சி."

"சாட்சியாம்! வாயப் பாரு" என்றார் அப்பா. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அது மார்ச் மாதம். ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குள் பஸ் நிற்க வேண்டும். பஸ் நிற்க ஒரு கடிதம் போக வேண்டும். நான் எழுதிப் போட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் அவள் விடவில்லை. "எனக்குத்தான பஸ்ஸு வேணும்? நான்தான் எழுதுவேன்" என்றாள். மற்ற பதின்மூன்று பேரும் "நாங்களும்" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இலக்கணம் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல காரணம் எந்த வாத்தியாருக்குக் கிடைக்கும்!

முதல் வாரம் நான் செய்தது முழுக்கத் தப்பு. சிவப்புப் பேனாவை எடுத்தேன், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் திருத்தினேன். ண, ன. ல, ள, ழ. ஒற்று. புள்ளி. ஒருமை, பன்மை. அவளுடைய தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னாண்ணா, இதுக்கு அம்ம போட்டிருக்குது?"

"வேப்பில வெச்சிப் படுக்கப் போடு, அக்கா" என்றான் பொடியன்.

மறுநாள் அந்தப் பேனாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஒரு நாளைக்கு ஒரு பிழை மட்டும் என்று முடிவு செய்தோம். திங்கட்கிழமை ல, ள, ழ மட்டும் பார்ப்பது. வேறு எந்தப் பிழை இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வது. செவ்வாய் ண, ன. புதன் புள்ளிகள். வெள்ளி ஒற்று. அவரவர் தாளை அவரவர் பார்க்கக் கூடாது, பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். பென்சிலால் அடியில் கோடு போடலாம், திருத்தக் கூடாது. திருத்துவது எழுதியவர் வேலை. அவ்வளவுதான் சட்டம். அதற்கே என்ன ஆட்டம் போட்டார்கள்! அடுத்தவன் தாளில் பிழை பிடிப்பதில் இருக்கும் சுகம் நண்டு பிடிப்பதில்கூட இல்லை போலிருக்கிறது.

"எங்கம்மா வாயப்பயம்னு சொல்லுதுண்ணா. அப்ப அது எந்த ழ?"

"அம்மா வாயில எப்படி வேணா வரட்டும், அது அவங்க பேச்சு. உன் கையில மட்டும் வாழைப்பழம்னு வரணும்."

"அப்ப கை வேற, வாய் வேறயா?"

"ஆமா."

"நல்லா இருக்குது" என்று எழுதிக்கொண்டான் பொடியன்.

புதன்கிழமைதான் கஷ்டமாக இருந்தது. அவளுடைய கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி, கடைசியில். சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நிற்க இடமில்லாமல் ஓடி, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். எங்கே நிறுத்துவது என்று நான் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். கருத்து முற்றுப்பெறும் இடம், வினைமுற்று, எச்சம். ஒருவர் முகத்திலும் ஒன்றும் ஏறவில்லை.

அவளே யோசித்துச் சொன்னாள். லீவு நாட்களில் அம்மாவோடு உப்புக்கூடை சுமந்தவள் அவள். "அண்ணா, பாத்தியிலேர்ந்து கூட எடுத்துக்கிட்டு வரும்போது, வரப்பு மொனையில ஒரு தடவ நின்னு சும்மாட சரி பண்ணிப்போம். கூட தலையிலயேதான் இருக்கும், எறக்க மாட்டோம். அது காற்புள்ளி. அம்பாரத்துக்கிட்ட வந்து கொட்டிட்டு வெறும் கூடையோட திரும்புவோம் இல்ல? அது முற்றுப்புள்ளி. சரியா?"

சரியா என்றா கேட்கிறாய்! எனக்குக் கல்லூரியில் மூன்று வருடம் சொல்லியும் இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. எல்லாப் பிள்ளைகளும் தாள்களை இழுத்துக்கொண்டார்கள். "இங்க கொட்டலாமா?" "கொட்டாதடா, இன்னும் சொல்லி முடிக்கல." "அப்ப சும்மாட சரி பண்ணு." கட்டடம் முழுக்க இதே பேச்சு. ஒருவன் நாலு சொல்லுக்கு ஒரு புள்ளி வைத்திருந்தான். "இவன் கூடையில ரெண்டு கல்லு உப்புதான் போடுவான் போல" என்று பக்கத்தில் இருந்தவள் கிண்டல் செய்ய, அவன் வெட்கப்பட்டு இரண்டு வரிகளைச் சேர்த்தான்.

அதற்கப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை எல்லாரையும் அழைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தம்வரை நடந்தேன். வழியில் உள்ள பலகைகளில் பிழை கண்டுபிடிக்கும் போட்டி. சுவர் விளம்பரம், மீன் வண்டி, கல்யாண பேனர், எதையும் விடவில்லை. நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. பலகையில் 'சூடாண வடை' என்று இருந்தது. நான் தடுப்பதற்குள் பொடியன் பெஞ்சில் ஏறிச் சாக்பீஸால் ண-வை அடித்து ன போட்டுவிட்டான்.

டீக்கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். "டேய்! எறங்குடா! எழுதன பெயின்டருக்குக் காசு நான் குடுத்தேன், நீயா குடுத்த?"

"தப்பா இருந்துச்சிங்க."

"வட நல்லா இருக்குதா இல்லயா? அதச் சொல்லு முதல்ல."

"இன்னும் துன்னலையே."

"ஓடுங்கடா! தம்பி, நீதான் இட்டாந்தியா இதுங்கள? படிச்ச ஆளா நீ?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சாக்பீஸைத் துடைத்துவிட்டு வந்தோம். எங்கே போகிறோம், ஏன் இதெல்லாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை பின்னால் எங்களுக்கு எவ்வளவு உதவியிருக்கும்!

ஏப்ரல் முதல் வாரம் கடிதம் தயாரானது. எழுத்து அவளுடையது. கையெழுத்து பதினான்கு பேருடையது. நான் நாலு முறை பார்த்தேன். அதன் நடுப்பகுதி இதுதான்:

'காலையில் உப்பு வாரி முடிக்கும் நேரத்தில் பாண்டியிலிருந்து மரக்காணத்துக்கு ஒரு பஸ் செல்கிறது. அது எங்கள் ஊரில் நிற்பதில்லை. பெரிய அம்பாரத்துக்கு எதிரே அந்தப் பஸ் நின்றால், எட்டாம் வகுப்பு முடித்த நான் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்வேன். எனக்குப் பின்னால் வருகிறவர்களும் செல்வார்கள்.'

ஒரு பிழை இல்லை! ஒற்று சரி, புள்ளி சரி, ள சரி, ண சரி. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு ஒரு பகல் பொழுதில் நானே பணிமனைக்குப் போனேன். அங்கே வாங்கிக்கொண்டு, நகலில் 'பெறப்பட்டது' என்று ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த முத்திரையைப் பதினான்கு பிள்ளைகளும் தடவித் தடவிப் பார்த்தார்கள். அவள் அப்பாவிடமும் காட்டினாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரைலாம் போட்டுட்டான். பஸ்ஸ நிறுத்துறானா பாப்போம்" என்றார்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பஸ் தன் பாட்டுக்கு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மே மாதம் பிறந்த பிறகு, ஒரு நாள் வேலை முடிந்து அந்த நிறுத்தத்தில் இறங்கினேன். டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னா தம்பி, புள்ளைங்க சௌக்கியமா? எழுத்தெல்லாம் சரியா இருக்குதா?" என்று வம்புக்கு இழுத்தார். டீ சொன்னேன். ஆற்றிக்கொண்டே பேசினார். "போன வாரம் ஒரு கூத்து. பஸ் டிப்பார்ட்மென்ட்டு ஆளு ஒருத்தரு, செக்கிங் இன்ஸ்பெக்டராம், பைக்குல வந்தாரு. கையில ஒரு பேப்பரு. பெரிய அம்பாரம் எங்க இருக்குதுன்னாரு. எந்த அம்பாரம்ங்க, இருந்ததுலாம் லாரி ஏறிடுச்சேன்னேன். மேலயும் கீழயும் ரெண்டு தடவ போய்ட்டு வந்தாரு. அப்புறம் ஒரு டீ குடிச்சிட்டுப் போய்ட்டாரு."

டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தேன்.

அம்பாரம் என்பது வாரிய உப்பை மலையாகக் குவித்து, மழைக்கு நனையாமல் ஓலை மூடி வைப்பது. எங்கள் ஊர் முனைக்கு எதிரே ஒவ்வொரு வருடமும் ஒன்று எழும். போன வருடத்து உப்பு நல்ல விலைக்காகக் காத்துக் கிடந்தது. நாங்கள் கடிதம் கொடுத்த மறு வாரம் லாரிகள் வந்து நின்றன, நாலே நாளில் அத்தனையும் ஏறிப் போய்விட்டது. நாங்கள் எல்லாருமே பார்த்தோம். பிள்ளைகள் லாரிக்குக் கை காட்டினார்கள். ஒருவருக்கும் கடிதம் நினைவுக்கு வரவில்லை. உப்பு போனாலும் எங்களுக்கு அந்த இடம் பெரிய அம்பாரம்தான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெளியூர்க்காரருக்கு அது கரைந்து போகிற அடையாளம் என்று படித்தவனான எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? நாலு முறை பார்த்தேன். ள-வைப் பார்த்தேன், ண-வைப் பார்த்தேன். படிக்கப்போகிற மனிதர் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்று மட்டும் பார்க்கவில்லை.

இதை எப்படிச் சொல்வேன் என்று தெரியாமல் கட்டடத்துக்கு வந்தேன். சொல்லிவிட்டேன். அவள் மட்டும் எழுந்து நின்றாள்.

"அண்ணா! வந்தாராண்ணா?"

"வந்துட்டுத் திரும்பிப் போய்ட்டாரு."

"அதில்லண்ணா. வந்தாரு இல்ல? நம்ம லெட்டரப் படிச்சிட்டு, அதக் கையில புடிச்சிக்கிட்டு ஒரு ஆளு வண்டி எடுத்துக்கிட்டு வந்திருக்காரு இல்ல?" அவள் கண் மின்னியது. "நம்ம எழுதுனத நம்பி வந்திருக்காருண்ணா! நாமதான் தப்பா வழி சொல்லிட்டோம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. கடிதம் தோற்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் தலை குனிந்து வந்தேன். அவளோ ஜெயித்த மாதிரி குதித்தாள். எங்கள் தெருவிலிருந்து போன முதல் கடிதத்தைப் படித்து ஒரு சர்க்கார் ஆள் கிளம்பி வந்திருக்கிறார்! பொடியன் மேசை மேல் ஏறிவிட்டான். "இன்னொன்னு எழுதுங்கடா! சீக்கிரம்!"

இன்னொன்று எழுதினோம். இந்த முறை ஒரு புதுச் சட்டம் போட்டோம். கடிதம் போவதற்கு முன்னால், எங்கள் ஊரைத் தெரியாத ஒரு ஆள் அதைப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் அந்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். வந்து நின்றால்தான் கடிதம் சரி.

ஆளுக்கு எங்கே போவது? மறுநாளே கிடைத்தார். திண்டிவனம் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் குடம், வாளி எல்லாம் டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு ஒருவர் தெருவுக்குள் வந்தார். இந்தப் பக்கம் புதுசு. பதினான்கு பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்ததும் பயந்துபோனார்.

"என்னாம்மா, குடம் வேணுமா?"

"குடம் வேணாங்க. நீங்க இந்த லெட்டரப் படிங்க. படிச்சிட்டு அடுத்த ஸ்டாப்பிங்குக்குப் போயிடுங்க. அங்கேர்ந்து பஸ்ஸு மாதிரி வாங்க. லெட்டருல இருக்கிற எடத்துல நிக்கணும். நாங்க ஒளிஞ்சிப்போம்."

"எனக்கு யாவாரம் இருக்குதும்மா."

"அப்புறமா எங்கம்மா ரெண்டு குடம் வாங்கும்."

அவள் அம்மாவைக் கேட்காமலே சொன்ன வாக்கு. அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். நாங்கள் முள்ளுச்செடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். இரண்டாவது கடிதத்தில் 'சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் வேப்பமரம் இருக்கும் இடம்' என்று எழுதியிருந்தாள். குடக்காரர் வந்தார். எங்களைத் தாண்டினார். கலர் கலராகக் குடங்கள் ஆட, போய்க்கொண்டே இருந்தார். ரொம்ப தூரம் போய் இன்னொரு பாலத்தில், இன்னொரு வேப்பமரத்தடியில் நின்று, ஹாரன் அடித்தார்.

"ஐயோ, அங்கயும் ஒரு வேப்பமரம் இருக்குதுடா!"

ஓடிப்போய் அழைத்து வந்தோம். அவருக்கும் இப்போது விளையாட்டுச் சூடு பிடித்துவிட்டது. "மரம் பாலம்லாம் வேணாம்மா, ரோடு பூரா அதுதான் இருக்குது. அப்புறம் இதென்னா, உப்பு வாரி முடிக்கிற நேரம்? அது எத்தன மணி? எனக்கு எப்படித் தெரியும்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீடுகளில் விடிவதற்கு முன்பே அளத்துக்குப் போய்விடுவார்கள். எட்டு, எட்டரைக்கு வாரி முடிப்பார்கள். எங்களுக்கு அதுதான் கடிகாரம். முதல் கடிதத்திலும் அதேதான் இருந்தது, அதையும் நான் நாலு முறை படித்திருந்தேன்! 'காலை எட்டேகால் மணி' என்று அவள் அங்கேயே வண்டியின் சீட்டில் தாளை வைத்துத் திருத்தினாள்.

"கிலோமீட்டர் கல்லு!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் கல்லைத் தேடி ஓடினோம். புதரை விலக்கி எண்ணைப் படித்தோம். அங்கிருந்து எங்கள் முனை எவ்வளவு தூரம்? பொடியன் எட்டு வைத்து எண்ணினான். அவள் எட்டு வைத்து எண்ணினாள். இரண்டும் ஒத்துவரவில்லை. உன் கால் குட்டை, உன் கால் நெட்டை என்று சண்டை ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் அவள் அப்பா வந்தார். சாலை ஓரத்தில் இத்தனை பிள்ளைகளையும் ஒரு குட வண்டியையும் பார்த்து, என்னமோ விபத்து என்று ஓடி வந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டார். என்னை முறைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எட்டு வெச்சி அளந்தா எவன் ஒத்துக்குவான்? இருங்க" என்று வீட்டுக்குப் போனார்.

பாத்தி கட்டும்போது பிடிக்கிற கயிற்றை எடுத்து வந்தார். அடிக்கு அடி முடிச்சுப் போட்ட கயிறு. உப்பளத்தில் ஒரு பாத்திகூட அவர் கையில் கோணியதில்லை. கல்லின் அடியில் ஒரு முனையை மகளிடம் கொடுத்து, "அசையாம புடி" என்றார். கயிறு முடிந்த இடத்தில் குச்சி நட்டு, மறுபடி இழுத்து, மறுபடி நட்டு, கார்கள் உறுமிக்கொண்டு போக, சாலை ஓரமாகவே அளந்துகொண்டு வந்தார். ஒவ்வொரு குச்சிக்கும் பிள்ளைகள் சத்தமாகக் கணக்குச் சொன்னார்கள். ஊர் முனை வந்ததும் காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"இங்கதான் நிக்கணும். இத எழுதிக்கோ. அடிக்கு நான் பொறுப்பு."

அவள் எழுதினாள். அவள் எழுதுவதை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எல்லாம் போட்டியா? கல்லு போட்டியா? வடக்கன்னு போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அளக்கும்போது தெருவுக்குள் யாவாரத்துக்குப் போயிருந்த குடக்காரர், புதுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு மறுபடி போனார். மறுபடி ஒளிந்தோம். இந்த முறை அவள் அப்பாவும் எங்களோடு முள்ளுச்செடிக்குப் பின்னால். தூரத்தில் குடங்கள் தெரிந்தன. கல்லுக்கிட்ட இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். குடக்காரர் உதடுகள் அசைவது தெரிந்தது, அடியை எண்ணிக்கொண்டே வந்தார். வந்தார், வந்தார், கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால் நின்று, நீளமாக ஹாரன் அடித்தார்!

நாங்கள் போட்ட கூச்சலில் அளத்திலிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பின. குடக்காரரே வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கைதட்டினார். அவள் அம்மா நிஜமாகவே இரண்டு குடம் வாங்க வேண்டியதாயிற்று. "என்னைக் கேக்காம எவ சொன்னது?" என்று அன்றைக்கு முழுக்கத் திட்டினார் என்று கேள்வி.

அந்தக் கடிதத்தில் வெள்ளிக்கிழமைப் பிழை ஒன்று, ஒரு ஒற்று, விட்டுப்போயிருந்தது. பணிமனைக்குப் போகிற வழியில்தான் கவனித்தேன். பேனாவை எடுத்தேன். பிறகு சட்டம் நினைவுக்கு வந்தது, திருத்துவது எழுதியவர் வேலை. அப்படியே கொடுத்தேன். திரும்பும் வழியில் டீக்கடையில் இறங்கி, அவரிடமும் ஒரு நகல் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "அட, இதுக்காடா இத்தன ஆட்டம்? அன்னிக்கே சொல்லியிருந்தா நானே கூட்டியாந்து காட்டியிருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பதில் கடிதம் வரும் என்று தினமும் எதிர்பார்த்தோம். வரவில்லை. பைக்கில் யாரோ வந்து கல்லுக்கிட்ட நின்றதாக ஆடு மேய்க்கிறவர் சொன்னார், அது அவர்தானா என்று தெரியாது. ஜூன் வந்துவிட்டது. பள்ளி திறக்கிற நாளுக்கு முந்தின மாலை அவள் அப்பா என்னிடம், "நாளைக்கு ஒரு நாள் நிக்கட்டும் அங்க. பாப்போம். நிக்கலன்னா..." என்று இழுத்து, முடிக்கவில்லை.

எனக்கு மறுநாள் கடைக்குப் போக மனமில்லை. முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும் என்றேன். பொடியன் பாய்ந்து எழுந்தான். "நான் எழுதித் தரேண்ணா! எனக்குத்தான் அது நல்லா வரும்." ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தான். 'பஸ் நிற்பதைப் பார்க்க வேண்டி இருப்பதால் ஒரு நாள் மட்டும் விடுப்பு.' ஒரு பிழை இல்லை. முதலாளி அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

காலை எட்டு மணிக்கே எல்லாரும் முனையில் கூடிவிட்டோம். அவள் புதுச் சீருடையில், மண்ணில் அப்பா புதிதாகக் கிழித்த கோட்டின் மேல் இரண்டு கால்களையும் வைத்து நின்றாள். அவள் அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் உப்பு வாருவதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, காலில் சேறு காயாமல் வரப்பிலிருந்து அப்படியே ஏறி வந்தார்கள். அப்பா அளவுக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தார். ஒரு கார். ஒரு லாரி. இன்னொரு கார். எட்டேகால் ஆயிற்று. எட்டு இருபது.

"வருது! வருது!"

பஸ் வளைவில் திரும்பியது. கல்லைத் தாண்டியது. வேகம் குறையவில்லை. அவள் கையை நீட்டினாள், அவள் அம்மா நீட்டினார், பொடியன் இரண்டு கைகளையும் நீட்டிக் குதித்தான். பஸ் எங்கள் முகத்தில் காற்றையும் மண்ணையும் வீசிவிட்டுக் கோட்டைத் தாண்டியது. அப்புறம், ஒரு பெரிய கிறீச்சோடு, நின்றது!

"ஓடு! ஓடு!"

பையைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடினாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறு, ஏறு, நேரமாவுது. எத்தன பேரு? இவ்ளோ கூட்டமா?" என்றார்.

"ஒருத்திதாங்க! நாங்க சும்மா வந்தோம்!" என்று கத்தினான் பொடியன்.

"நாளைக்கும் நிக்குமாங்க?" என்று அவள் அம்மா மூச்சிரைக்கக் கேட்டார்.

"அதான் எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா. ஆபீஸ்ல சீட்டு ஒட்டியிருக்காங்க, நிக்கும். ரைட், ரைட்!"

பஸ் நகர்ந்தது. ஜன்னலிலிருந்து அவள் கை மட்டும் வெளியே ஆடிக்கொண்டே போனது. பெண்கள் சிரித்தார்கள், ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன்.

அவள் அப்பா மட்டும் அங்கே இல்லை. திரும்பிப் பார்த்தேன். மண்ணில் கிழித்த கோட்டிலிருந்து, பஸ் டயர் தேய்ந்த தடம்வரை, கயிற்றைப் பிடித்து முடிச்சு முடிச்சாக எண்ணிக்கொண்டு வந்தார். என் காலடிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இருவது அடி தள்ளி நிறுத்திட்டான் பாரு" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "சாயங்காலம் அவ வரட்டும். எழுதச் சொல்லு."